ரேடியோசெட்டு வீட்டு நாய்

கடவுள் மனிதர்களுக்குத் தொண்டையைக் கொடுத்தபோது, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகையும் சேர்த்துத்தான் கொடுத்தார். எங்கள் தெரு ரேடியோசெட்டுக்கு மட்டும் திருகைப் பொருத்த மறந்துவிட்டார். அந்த மனிதர் யார் காதிலாவது ரகசியம் சொன்னால், பால் சொசைட்டி வாசலில் கட்டியிருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும். நான் அந்தச் சொசைட்டியில்தான் வேலை பார்க்கிறேன். மாடு திரும்பியதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்குப் பக்கம். கேரளாதான், ஆனால் பேச்செல்லாம் கோயம்புத்தூர்ப் பேச்சு. எங்களைக் கோயம்புத்தூர்க்காரர்கள் மலையாளத்தார் என்பார்கள், பாலக்காட்டுக்காரர்கள் பாண்டிக்காரர்கள், அதாவது தமிழர்கள், என்பார்கள். நாங்கள் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம். இங்கே ஒலிபெருக்கிக்குப் பெயர் ரேடியோசெட்டு. ஒரு பழைய ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய் அறிவிப்புச் சொல்லிப் பிழைத்ததால் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் யாராவது அதைக் கூப்பிடுவார்கள், அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தொழில் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மளிகைக் கடைக்குப் போனால் சாதாரணமாகப் பருப்பு கேட்க வராது. "நமது கடைக்கு இப்பொழுது வருகை தந்திருக்கும் நான், கால் கிலோ துவரம்பருப்பை அன்புடன் எதிர்பார்த்து நிற்கிறேன்" என்பார். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில், "மணமகன் அவர்கள் இன்னும் சில நிமிடங்களில் காப்பி அருந்துவார்" என்று அவரே அறிவித்துவிட்டு அவரே காப்பியை எடுத்துக் குடித்தாராம். பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சம்பந்தம் மட்டும் அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் கல்யாணத்தைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. ஐம்பதைத் தொடும் வயதில், எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் தனியாக இருந்தார்.

ஊருக்கு நடுவே ஓடையும் அதன் மேல் ஒரு சின்னப் பாலமும் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள், அந்தப் பக்கம் மலையாளக் குடும்பங்கள். ரேடியோசெட்டு பாலத்தில் ஏறியவுடன் மொழியை மாற்றிவிடுவார். வாக்கியம் முடிந்ததா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டார். தென்னை ஏறும் ஒரு பெரியவர் இறந்த அன்று, பெயரைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சொல்லி, அடக்கம் எத்தனை மணிக்கு என்பதை அந்தப் பக்கம் சொல்லி முடித்தார். இந்தப் பக்கத்தாருக்கு யார் போனது என்று தெரியும், எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது. அந்தப் பக்கத்தாருக்கு நேரம் தெரியும், ஆள் தெரியாது. குறித்த நேரத்துக்கு அவர்கள் மலர்வளையத்தோடு கிளம்பி, எந்த வீட்டுக்குப் போவது என்று கேட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவரிடம் இருந்தது இரண்டே குரல்கள்தான். ஒன்று லாட்டரிக் குரல். கோயில் நோம்பித் திருவிழா, துணிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு, நடுவில் கூரை ஓடு அதிரும். இரண்டாவது சாவுக் குரல். பாட்டு இருக்காது. ஆட்டோ நடந்து போகிற வேகத்தில் நகரும். குரல் கீழே இறங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட்டு மூச்சு விட்டு வரும். அந்தக் குரல் தெருமுனையில் கேட்டவுடனே பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள். வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே, "ஆருங்க போனது?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அவருக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு நாய் இருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் தொங்கும். ரேடியோசெட்டுப் பெட்டிக்கு ஆம்ப்ளி என்று பெயர் இல்லையா, அதையே நாய்க்கும் வைத்திருந்தார். ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அவரோடு எல்லா அறிவிப்புக்கும் போய்வரும். தெருவில் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் அது கூட்டாளி. என் மகள் தன்யா அப்போது இரண்டாம் வகுப்புப் படித்தாள். தான் தின்கிற பிஸ்கட்டில் பாதி ஆம்ப்ளிக்கு என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் பஞ்சாயத்தில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் போட்டார்கள். அறிவிப்பு நம்மவர்தான். இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினார். "உங்கள் இல்லத்தின் காவலனுக்கு ஓர் ஊசி, உங்கள் குழந்தைக்கு ஓர் உயிர்க் கவசம். அலட்சியம் வேண்டாம், அழைத்து வாருங்கள்" என்று அவரே சொந்தமாக எழுதிய வசனம். ஊரில் கயிறு கண்டிராத நாய்கள் எல்லாம் அன்றைக்குக் கயிறோடு மிருகாசுபத்திரிக்குப் போயின. இரண்டு நாளும் ஆம்ப்ளி பின்சீட்டில் உட்கார்ந்து இத்தனையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஊர் நாயை எல்லாம் ஊசிக்கு அனுப்பிவிட்டுத் தன் நாயைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார் மகானுபாவர். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்த நாயை ஆட்டோவின் ஒரு பாகம் என்றே நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

முகாம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். சாயங்காலம் குழந்தைகள் தெருவில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் சொசைட்டியில் கணக்கு முடித்து வந்து, முகம் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். வாசலில் ரேடியோசெட்டு வந்து நின்றார். வழக்கமான பீடிகை எதுவும் இல்லாமல் நேராகப் பேசினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"அம்மிணி, நம்ம ஆம்ப்ளி ஒரு கொழந்தையக் கடிச்சுருச்சுங்க. எந்தக் கொழந்தைன்னு தெரியலீங்க."

நடந்தது இதுதான். அவர் உள்ளே இருந்திருக்கிறார். ஆட்டோ பக்கம் ஒரு குழந்தை அலறிய சத்தம் கேட்டிருக்கிறது. வெளியே ஓடி வந்தால் தெருவில் ஒரு பிஞ்சுகூட இல்லை. ஆட்டோவுக்கு அடியில் ஆம்ப்ளி உறுமிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு ஷட்டில் காக்கும் சில சொட்டு ரத்தமும். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. எந்தக் குழந்தை என்று கண்டுபிடித்து உடனே ஊசி போடாவிட்டால், நாய்க்கு வெறி இருக்கும்பட்சத்தில் அந்தக் குழந்தையை யாராலும் காப்பாற்ற முடியாது. முகாமுக்காக அந்த வசனத்தை இரண்டு நாள் கத்தியவருக்கு அது மனப்பாடம். அதனால்தான் நாய்க்குச் சொந்தக்காரரே கடிபட்டவரைத் தேடிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளை நிற்க வைத்துக் கையையும் காலையும் பார்த்தார்கள். நானும் தன்யாவைப் பார்த்தேன். முழங்கை, முழங்கால், பாதம் எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"நாயி உன்னையக் கடிச்சுதா கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"வேற ஆரையாச்சும் கடிச்சுதா?"

"எனக்குத் தெரியாதுங்கம்மா."

தெருவில் அத்தனை வீட்டிலும் இதே பதில்தான். பாடம் ஒப்பிப்பது போல ஒரே மாதிரி சொன்னார்கள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் அடுத்த தெருவில் ஒரு நாய் யாரையோ கடித்துவிட்டதென்று நாலு பேர் சேர்ந்து அதைக் கட்டையால் அடித்தே கொன்றார்கள். குழந்தைகள் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆம்ப்ளிக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று அன்று சாயங்காலம் எல்லோருமாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். பெரியவர்கள் கட்சி கட்டினால் அடுத்த நாளே உடைந்துவிடும். குழந்தைகள் கட்சி கட்டினால் போலீஸ் வந்தாலும் உடையாது.

மறுநாள் காலை தன்யாவுக்கு இட்லி வைத்துவிட்டுத் தலைவாரிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார். தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது. பாட்டு இல்லை. ஆட்டோ நடை வேகத்தில் வந்தது. எதிர் வரிசையில் கதவுகள் திறந்தன. "ஆருங்க போனது?" என்று பக்கத்து வீட்டு சாந்தாக்கா என்னைக் கேட்டாள்.

ரேடியோசெட்டு செய்த காரியம் இதுதான். லாட்டரிக் குரலில் கூப்பிட்டால் குழந்தைகள் மிரண்டு போவார்கள் என்று நினைத்து, மெதுவாக, அன்பாகக் கூப்பிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அவரிடம் மெதுவான குரல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. சாவுக் குரலில் அன்பு காட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது?

"அன்பான… குழந்தைகளே… நம்ம ஆம்ப்ளி…"

அதற்கு மேல் தன்யா கேட்கவில்லை. பாதிப் பின்னலோடு என் கையிலிருந்து தலையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். நான் சீப்போடு பின்னால் ஓடினேன். அவள் ஆட்டோவை மறித்துக்கொண்டு, மூக்கும் கண்ணும் ஒழுக நின்றாள்.

"ஆம்ப்ளியக் கொன்னுட்டீங்களா மாமா? நான் ஆருகிட்டயும் சொல்லவேயில்லீங்களே. நாந்தான் அது வாலு மேல முட்டி போட்டேன். அது மேல தப்பில்லீங் மாமா."

மைக் அணைக்கப்படவில்லை. இரண்டு குழாயிலும் அவள் அழுகை போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தமும் கேட்டது. ரேடியோசெட்டு மைக்கைப் பிடித்தபடியே, "நீயா கண்ணு? உன்னையா சாமி கடிச்சுது?" என்று உடைந்து போனார். ஊரே கேட்டது.

தன்யாவின் பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். தொடைக்குப் பின்பக்கம் பல் பதிந்து தோல் கிழிந்திருந்தது. ராத்திரி முழுக்க மல்லாக்கப் படுக்காமல் குப்புறப் படுத்துத் தூங்கியவளைப் பார்த்து, குழந்தைக்கு வெயில் சூடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சாந்தாக்கா ஒரு கையில் மஞ்சளும் ஒரு கையில் காப்பித்தூளுமாக வந்தாள். அதெல்லாம் காயத்தில் வைக்க வேண்டாம் என்று கத்திவிட்டு, குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீரை நிறுத்தாமல் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். அதுவும் ரேடியோசெட்டு வாயால் கேட்டதுதான். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்ற வாளியோடு வந்தவரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்.

"ஊர் நாய்க்கெல்லாம் ஊசி போடச் சொல்லிக் கூவத் தெரிஞ்சுதல்லங்க? உங்க நாய்க்குப் போடத் தெரியலீங்களா? இனிமேட்டு எங்கூட்டு வாசப்படிய மிதிக்காதீங்க."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வேறு வண்டியும் இல்லை. வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று சொன்னவள், சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். கோபத்துக்கு மானம் கிடையாது.

அந்த ஆட்டோவில் ஹாரன் வேலை செய்து பல வருடம் ஆகிறது. மைக் இருக்கும்போது ஹாரன் எதற்கு என்பது அவர் வாதம். தாலூகா ஆஸ்பத்திரி வரைக்கும், "வழி உடுங்க சாமி, கொழந்தைக்கு ஊசி போடப் போறோம். லாரி அண்ணா, கொஞ்சம் ஒதுங்குங்க, நம்ம கொழந்தைங்க" என்று கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். லாட்டரிக் குரலும் இல்லை, சாவுக் குரலும் இல்லை. செங்கல் லாரி ஒதுங்கியது, கல்யாண வேன் ஒதுங்கியது, கட்சி ஊர்வலம் ஒன்று கொடியைச் சாய்த்துக்கொண்டு ஓரமாக நின்றது. பெயர் தெரியாத மனிதர்கள் எல்லாம் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் ஆகாது பாப்பா" என்று சொன்னார்கள். தன்யா அழுகையை நிறுத்திவிட்டு அவர்களுக்குக் கைகாட்டத் தொடங்கினாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "சோப்பிட்டுக் கழுகியோ?" என்று முதலில் கேட்டார். ஆமாம் என்றதும் தலையாட்டினார். காயம் ஆழம் என்பதால் அதைச் சுற்றி ஒரு மருந்து போட வேண்டும், அது வலிக்கும், அதோடு கையில் ஊசி, பிறகு குறித்த நாட்களில் வந்து மீதி ஊசிகள் என்று பொறுமையாக விளக்கினார். நாயைக் கொல்லக் கூடாது, கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்றார். "நாய் நல்லா இருந்தாலும் இஞ்செக்ஷனைப் பாதியில் விடக்கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்.

அப்போதுதான் நர்ஸ், கதவோரம் நின்ற ரேடியோசெட்டைக் கவனித்தார். இடது உள்ளங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. ஆட்டோ ஓட்டும்போதே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தன்யாவைத் தவிர வேறெதுவும் எனக்குக் கண்ணில் படவில்லை.

"சேட்டா, கையில் எந்தா?"

"ஒண்ணுமில்லீங்க. கதவு இடிச்சுருச்சு."

கட்டிலில் குப்புறப் படுத்திருந்த தன்யா தலையைத் தூக்கினாள். "கதவுக்குப் பல்லு இருக்குதுங்களா மாமா?"

நர்ஸ் கைக்குட்டையைப் பிரித்தார். அதே பல், அதே வரிசை. முந்தின நாள் ஆட்டோவுக்கு அடியிலிருந்து நாயை இழுத்தபோது அவரையும் கடித்திருக்கிறது. அந்தக் கையோடுதான் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். "நேத்தே வந்து ஊசி போட்டுக்கறதுக்கென்னங்க?" என்று நான் கேட்டேன். குரலில் கோபம்தான் இருந்தது, ஆனால் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

"கொழந்தை ஆருன்னு தெரியாம, நான் மட்டும் வந்து எப்படீங் அம்மிணி போட்டுக்கறது?"

சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். அந்த மனிதர் கிசுகிசுத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "அதில்லாம எனக்கு ஊசின்னாக் கொஞ்சம் பயமுங்க" என்றார்.

தன்யா கையை நீட்டினாள். "இங்க வாங்க மாமா. நான் புடிச்சுக்கறேன். கண்ண மூடிக்கோங்க." அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்து முதலில் அவருக்குப் போட்டார்கள். பயத்தில் மனிதருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழுக் குரலில், "இதோ நர்ஸ் அம்மையார் அவர்கள் நெருங்கி வருகிறார்… இதோ பஞ்சால் துடைக்கிறார்… இதோ ஊசி உள்ளே செல்கிறது… சென்றுவிட்டது… பெரியோர்களே தாய்மார்களே, சென்றேவிட்டது" என்று அறிவித்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தன்யாவுக்கு அவள் முறை வந்தபோது அவர் நிறுத்தவில்லை. "இதோ வீராங்கனை தன்யா அவர்கள்" என்று தொடங்கிவிட்டார். காயத்தைச் சுற்றி ஊசி இறங்க இறங்க, என் குழந்தை வலியில் கத்தினாள், அந்தக் கத்தலுக்கு நடுவிலேயே சிரித்தாள். நான்தான் அழுதேன்.

ஆனாலும் நான் அவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊசி போட்டாயிற்று, இனிமேல் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்தான். சொன்னவர் டாக்டர், பெற்றவள் நான். அந்த நாய் பத்து நாளும் தின்று குடித்து நடமாடினால் கடித்தபோது அதற்கு வெறி இல்லை என்று அர்த்தம். அது தெரிகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகப் புரிந்துகொண்டார். ஆம்ப்ளியைச் சங்கிலியில் கட்டி, மிருகாசுபத்திரி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தவர், மறுநாள் காலை தன் வாசலில் ஆட்டோவை நிறுத்தி மைக்கைப் பிடித்தார். எங்கள் வாசப்படியை மிதிக்கத் தடை. காற்றுக்குத் தடை இல்லையே.

"காலை வணக்கம். இன்றைய நிலவரம். ஆம்ப்ளி அவர்கள் இரண்டு தோசை உண்டார். தண்ணீர் அருந்தினார். வாலை ஆட்டினார். நன்றி, வணக்கம்."

தினமும் இதே செய்தி. ஒருநாள் தோசை மூன்றாகும், ஒருநாள் பூனையைப் பார்த்துக் குரைத்தார் என்று வரும். தெருவே காது கொடுத்துக் கேட்டது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நிலவரம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்களுக்கும் மலையாளத்தில் வேண்டும் என்று கேட்க, இரண்டாவது பதிப்பும் தொடங்கியது. நான் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தண்ணீர் அருந்தினார் என்கிற வார்த்தைக்காகக் காத்திருப்பேன். வெறி பிடித்த நாய்க்குத் தண்ணீர் இறங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தை வந்த பிறகுதான் என் காப்பியை எடுத்துக் குடிப்பேன். கதவை மட்டும் திறக்கவில்லை.

ஊசி நாட்களில் நான் தன்யாவை பஸ்ஸில் கூட்டிப் போனேன். அவருக்கும் அதே நாள்தானே. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஆட்டோ வரும். தன்யா கடைசி சீட்டுக்கு ஓடிப் போய்க் கண்ணாடி வழியாகக் கைகாட்டிக்கொண்டே வருவாள். ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்குப் பின்னால் பத்து ஆள் தள்ளி நிற்பார். அவர் முறை வரும்போது என் மகள் என்னைக் கேட்காமலேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் போஸ்டர் எதையாவது படிப்பது போல வேறு பக்கம் பார்ப்பேன். அந்தச் சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம் எல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

பத்தாம் நாள் வந்தது. அன்றோடு கெடு முடிகிறது. விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றேன். வழக்கமான நேரம் கடந்தது. மைக் பேசவில்லை. பால் பொங்கி வழிந்தது, துடைக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் போனது. ஆட்டோ சத்தமும் இல்லை, நாய்ச் சத்தமும் இல்லை. தன்யா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மறுபடி தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்த வீட்டுக்காரர், போனைக் கையில் எடுத்து யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நின்றார். நாய் செத்துவிட்டது, அதைச் சொல்ல வாய் வராமல் அந்த மனிதர் உள்ளேயே கிடக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

தெருவில், சரியாக எங்கள் வாசப்படிக்கு ஓரடி தள்ளி, ரேடியோசெட்டு நின்றுகொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார், கண் இரண்டும் காய்ச்சலில் சிவந்திருந்தன. முந்தின நாள் மழையில் நனைந்துகொண்டே கோயில் நோம்பிக்கு அறிவிப்புச் சொன்னதில் தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அதனால் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தியைச் சொன்னார். அவ்வளவு பெரிய நாயைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்தி, என் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். ஆம்ப்ளி அவர் தோள் மேல் வாலை அடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது.

எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது. கதவைத் தட்டியிருக்கலாம். தட்ட வேண்டுமானால் படியை மிதிக்க வேண்டும்.

"உள்ள வாங்கண்ணா" என்றேன். அவர் நம்பாமல் நின்றார். "காய்ச்சலோட ஈரத்துல நிக்காதீங்க. உள்ள வாங்க, உப்புத் தண்ணி காய்ச்சித் தர்றேன், தொண்டையில ஊத்திக் கொப்புளிங்க."

நாயைக் காட்டி, இதை என்ன செய்வது என்று கண்ணால் கேட்டார். தன்யா எழுந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் என் முகத்தைத்தான் பார்த்தாள். சங்கிலியை நான் வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆம்ப்ளி இப்போது வருடம் தவறாமல் ஊசிக்குப் போகிறது, கூட்டிப் போவது நான். ரேடியோசெட்டு அண்ணன் அதே தெருவில், அதே தொண்டையோடு இருக்கிறார். சாயங்காலம் அவருக்குக் காப்பி எங்கள் வீட்டில்தான். ஒருநாள் வர நேரமானால், காப்பியை மூடி வைத்துவிட்டு நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன்.